மியாசே நகரத்துக் கொடி

அஜின்கோர்ட்
09.02.1997

அன்புள்ள நடாஷாவின்ரை அப்பாவுக்கு,

உங்கடை கடிதம் வந்தது. நாலு பக்கம். எம்பசிக்குப் போனீங்களோ எண்டு நான் கேட்டதுக்கு அந்த நாலு பக்கத்திலை ஒரு வரி பதில் இல்லை. யோக்கோஹாமா நகரத்துக் கொடியிலை 'ஹா'வும் 'மா'வும் எப்பிடி ஒண்டுக்கு மேலை ஒண்டு நிக்குது, நகோயாக் கொடியிலை வட்டத்துக்குள்ளை ஏன் எட்டு எண்ட எழுத்து எண்டு விளக்கம் எழுதியிருக்கிறீங்கள். நான் நேர்சிங் ஹோமிலை கிழடுகளின்ரை படுக்கைச் சீலை தோய்ச்சுப்போட்டு, ஷெப்பேர்ட் றோட்டு பஸ்ஸிலை நிண்டபடி வந்து, சப்பாத்துக் கழட்ட முன்னம் கடிதத்தை உடைச்சனான். எனக்கு அந்த எட்டு என்னத்துக்கு?

கேஸ் பாக்கிற நவரட்ணம் அண்ணை நேற்றுக் கூப்பிட்டவர். ஜப்பானிலை இருந்தபடி உங்களை இஞ்சை கனடாவுக்கு எடுக்கிறதெண்டால் அங்கத்தைப் பொலிஸ் றிப்போட் வேணுமாம். விசா முடிஞ்சு ஒளிச்சிருக்கிற ஆள் பொலிசிட்டைப் போய் எப்பிடி றிப்போட் கேக்கிறது? கேட்ட இடத்திலையே பிடிச்சுப்போடுவாங்கள். றிப்போட் இல்லாட்டி இந்த வருச முடிவோடை ஃபைலை மூடிப்போடுவினமாம். அண்ணை சொல்லுறது ஒண்டுதான்: "ஆள் தானாப் போய்ச் சரணடையட்டும். கொழும்புக்கு அனுப்புவாங்கள். ஃபைலையும் கொழும்புக்கு மாத்துவம். ஆறேழு மாசத்திலை இஞ்சை நிப்பார்."

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரன் எங்களை முன்னாலையும் உங்களைப் பின்னாலையும் எண்டு பிரிச்சு விடேக்கை பிள்ளைக்கு ஒண்டரை வயசு. உங்களை ரோக்கியோவிலை விட்டிட்டு, பாஸ்போட்டோடை அவன் ஓடிவிட்டான். இப்ப அவளுக்கு ஏழு. போன கிழமை எங்கடை கலியாணப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, இந்த அங்கிள் ஆர்?" எண்டு கேட்டவள். நான் குசினிக்குள்ளை போய்ப் பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழுதனான்.

போனிலை கதைச்சால் சண்டையிலைதான் முடியுது. அதாலைதான் எழுதுறன். கொடிக் கதை வேண்டாம். எப்ப போறீங்கள் எண்டு மட்டும் எழுதுங்கோ.

எமில்டா


மியாசே
02.03.1997

அன்பு எமில்டா,

நீர் கோவிக்கிறது நியாயம். ஆனால் கொழும்புக்குப் போங்கோ எண்டு எழுதேக்கை உமக்குக் கை நடுங்கேல்லையோ? என்ரை தம்பி பஸ்ரியனைக் கொழும்பு லொட்ஜிலை வைச்சுப் பிடிச்சுக் கொண்டுபோய் ஒரு வருசமாச்சு. அம்மா ஏறாத கந்தோர் இல்லை. ஒரு சேதியும் இல்லை. எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு எண்டு நீரே சொல்லுவீர். அந்த முகத்தோடை நான் போய் அந்த எயாப்போட்டிலை இறங்கவோ?

ஏன் கொடியளைப் பற்றியே எழுதுறன் எண்டால், எனக்கு வேறை ஒண்டும் நடக்கிறதில்லை. இஷிகுரா முதலாளியின்ரை பட்டறைக்கு மேலை படுக்கிறன், கீழை இறங்கி வேலை செய்யிறன், பொலிஸ்காரனைக் கண்டால் வேறை ஒழுங்கையாலை திரும்புறன். துணியிலை சின்னம் வாற இடத்தை அரிசிமாப் பசையாலை மூடி, மற்ற இடமெல்லாம் சாயம் பூசி, பிறகு தண்ணியிலை அலசினால் பசை கரைஞ்சு சின்னம் வெள்ளையா எழும்பும். யாழ்ப்பாணத்திலை சித்திர வாத்தியாரா இருந்தவன் நான். அந்தத் தண்ணிக்கு முன்னாலை நிக்கேக்கை மட்டும்தான் எனக்கு என்ரை பேர் ஞாபகம் வரும்.

இஞ்சத்தை நகரக் கொடியளிலை சிங்கம் இல்லை, வாள் இல்லை. ஊர்ப் பேரிலை ஒரு எழுத்தை எடுத்து, வளைச்சு, மடிச்சு, பறவையாக்குவினம், ஆறாக்குவினம். ஒரு நிறம், மிஞ்சினால் ரெண்டு. எல்லாத்துக்கும் கீழை ஒரு விளக்கம் இருக்கும்: வட்டம் எண்டால் ஒற்றுமை, மேலை எழும்பிற கோடு எண்டால் முன்னேற்றம், நீலம் ஆறு, பச்சை மலை. கவலையைக் காட்டிற கொடி ஒண்டையும் நான் இன்னும் காணேல்லை.

இப்ப விசயத்துக்கு வாறன். இஞ்சை மூண்டு சின்ன ஊரை ஒண்டாக்கி, மியாசே எண்ட இந்த ஊர்ப் பேரிலையே ஒரு நகரமாக்கப் போகினம். நவம்பரிலை கொடி ஏத்தவேணும். ஊரிலை இருக்கிற ஆரும் வரைஞ்சு அனுப்பலாம் எண்டு அறிவிச்சிருக்கினம். இஷிகுரா முதலாளி சொல்லுறார், "உன்ரை கொடி வெண்டால் மேயர் உன்னைக் கூப்பிட்டுக் கை குடுப்பார். அவர் ஒரு சொல் சொன்னால் பொலிசும் கேக்கும், எம்பசியும் கேக்கும்" எண்டு.

'மி' எண்ட எழுத்து அவையின்ரை எழுத்திலை சரிவான மூண்டு கோடு. அந்த மூண்டையும் வில்லு மாதிரி வளைச்சு, ஒண்டையொண்டு தேடிப் போற மாதிரி வரைஞ்சிருக்கிறன். ஆனால் தொடாது. கடும் நீலத்திலை வெள்ளை. மூண்டு ஊர் எண்டு அவைக்கு எழுதிக் குடுப்பன். அது ஆர் ஆரெண்டு உமக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்கு ஒரு பிரதி இந்தக் கடிதத்தோடை வைச்சிருக்கிறன்.

கிளிபோட்


அஜின்கோர்ட்
30.03.1997

அன்புள்ள நடாஷாவின்ரை அப்பாவுக்கு,

செய்யாதேங்கோ. கையெடுத்துக் கும்பிடுறன், செய்யாதேங்கோ.

அஞ்சு வருசமா ஒழுங்கை ஒழுங்கையா ஒளிச்சுத் திரிஞ்ச ஆள், இப்ப பேரையும் விலாசத்தையும் எழுதி நகரசபைக்கு அனுப்பப் போறீங்களோ? வெல்லாட்டி ஒண்டும் இல்லை. வெண்டால்தான் ஆபத்து. பேப்பர்காரன் வருவான், படம் எடுப்பான், வெளிநாட்டார் கார்ட் எங்கை எண்டு கேப்பாங்கள். அந்த முதலாளிக் கிழவன் நல்ல மனிசனா இருக்கலாம். ஆனால் நல்ல மனிசரின்ரை நம்பிக்கையாலைதான் எங்கடை ஆக்கள் கனபேர் அழிஞ்சது.

பஸ்ரியனைப் பற்றி எழுதிப்போட்டீங்கள். எனக்குக் கை நடுங்கேல்லையோ எண்டு கேட்டீங்கள். அந்தக் கடிதம் எழுதி, தபால் பெட்டிக்குள்ளை போடேலாமல் ரெண்டு நாள் கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு திரிஞ்சனான். ஆனால் நீங்கள் அங்கை ஒளிச்சிருக்கிறதும் செத்தவீடுதான். பிரேதம் இல்லாத செத்தவீடு.

நீங்கள் அனுப்பின மூண்டு கோட்டுப் படத்தை நான் கோவத்திலை குப்பைக்குள்ளை எறிஞ்சனான். பிள்ளை அதை எடுத்து, தேயிலைச் சக்கையைத் துடைச்சு, பிரிட்ஜிலை ஒட்டியிருக்கிறாள். வகுப்பிலை ரீச்சர் அப்பா என்ன வேலை எண்டு கேட்டதுக்கு, "கொடி செய்யிறவர்" எண்டாளாம். இஞ்சையும் எங்கடை ஸ்காபரோவை ரொறன்ரோவோடை சேக்கப் போகினம் எண்டு ஒரே அமளி. சனம் வேண்டாமெண்டு வோட் போட்டும் விடுறாங்கள் இல்லை. அவள் கேக்கிறாள், "அப்பா எங்களுக்கும் ஒரு கொடி செய்வாரோ?" எண்டு. பக்கத்து வீட்டுக் கிளடிஸ் அன்ரி சிரிச்சவ. எனக்குச் சிரிப்பு வரேல்லை. அவளுக்கு அப்பா எண்டால் கடிதத்திலை ஒட்டின ஒரு முத்திரையும் ஒரு கொடியும்.

எமில்டா


மியாசே
20.07.1997

அன்பு எமில்டா,

உம்மடை கடிதம் வர முன்னமே அனுப்பிப்போட்டன். வந்த பிறகெண்டாலும் அனுப்பித்தான் இருப்பன். பொய் சொல்லேல்லை.

என்ரை கொடியைத்தான் எடுத்திருக்கினம்.

நகரசபையிலை இருந்து கொடி வேலைக்குப் பொறுப்பான மனிசன் பட்டறைக்கே வந்தார். குனிஞ்சு குனிஞ்சு வாழ்த்துச் சொன்னார். "கோடுகள் தொடாமல் நிக்கிறதுதான் எங்களுக்குப் பிடிச்சது. பாக்கிறவனின்ரை கண்தான் அதை வட்டமா மூடி வைக்குது" எண்டார். எமில்டா, அஞ்சு வருசத்துக்குப் பிறகு ஒரு மனிசன் என்னோடை சித்திரத்தைப் பற்றிக் கதைச்சது. 

பிறகு பைக்குள்ளை இருந்து ஒரு தாள் எடுத்து, "உங்கடை வெளிநாட்டார் கார்ட் இலக்கம்?" எண்டார்.

நான் முதலாளியைப் பாத்தன். முதலாளி நிலத்தைப் பாத்தார். அந்த மனிசனுக்கு விளங்கிவிட்டுது. தாளை மெதுவா மடிச்சுத் திரும்பப் பைக்குள்ளை வைச்சார்.  பிறகு சொன்னார்: "இஷிகுரா ஐயாவின்ரை பேரிலை போட்டால் ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை."

அவர் கெட்டவர் இல்லை. அப்பிடிச் செய்தால் நான் முந்தி மாதிரியே ஒளிச்சிருக்கலாம். மாட்டன் எண்டால் கொடியும் இல்லை, நானும் இல்லை. முதலாளி இரவு சாப்பிடேல்லை. "நான் அந்த மேடையிலை ஏறமாட்டன்" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ஆனால் மேயர் என்னைப் பாக்கவேணும். கொடி ஏறட்டும். ஏறின பிறகு நான் தனியப் போய்க் கதைப்பன். ஆரின்ரை கை வரைஞ்சது எண்டு அவைக்கு உள்ளுக்குத் தெரியும்தானே. நவம்பர் மட்டும் பொறும்.

கிளிபோட்


அஜின்கோர்ட்
24.08.1997

அன்புள்ள நடாஷாவின்ரை அப்பாவுக்கு,

எனக்கு இனிப் பொறுக்க ஏலாது. புதன்கிழமை வேலையிலை ட்ரையருக்குப் பக்கத்திலை விழுந்துபோனன். ஆசுப்பத்திரியிலை கண் முழிக்கேக்கை கிளடிஸ் அன்ரி நிக்கிறா, பிள்ளை என்ரை சப்பாத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். "அம்மா செத்தால் நான் ஆரோடை இருக்கிறது?" எண்டு கேட்டவள். அழேல்லை. கேட்டவள். அவ்வளவுதான். அதுக்குப் பதிலை நீங்கள் சொல்லுங்கோ.

ஃபைல் மூடப்போகினம் எண்டு கடைசி அறிவித்தலும் வந்திட்டுது. நவரட்ணம் அண்ணை முகத்தைப் பாக்கிறார் இல்லை. திரும்பத் தொடங்கினால் எத்தினை வருசமோ எண்டு அவருக்கே தெரியாதாம்.

உங்கடை பேரையும் எடுத்துப்போட்டாங்கள். இன்னும் அந்தக் கொடிக்குக் காவல் நிக்கிறீங்களோ? மேயர் ஆர்? உங்களை இல்லாத ஆள் எண்டு எழுதுறதுக்குச் சம்மதிச்ச மேயர். அவரிட்டைப் போய் என்னத்தைக் கேக்கப் போறீங்கள்?

நான் கொழும்பிலை பங்குத்தந்தை அருள்நாயகம் சுவாமியோடை கதைச்சிருக்கிறன். அவர் எயாப்போட்டுக்கு வருவார். பொறுப்பெடுப்பார். ஐப்பசி முடியமுன்னம் நீங்களாப் போய்ச் சரணடையுங்கோ.

இல்லாட்டி நான் போன் எடுப்பன். விளையாட்டுக்குச் சொல்லேல்லை. என்னோடை வேலை செய்யிற ஒருத்தியின்ரை அம்மா ஜப்பான்காரி. அவ சொல்லித்தந்த வசனத்தைப் பாடமாக்கி வைச்சிருக்கிறன். "உங்கடை கொடியை வரைஞ்சவன் விசா இல்லாமல் இருக்கிறான், பிடிச்சு அனுப்புங்கோ." ஒளிச்சுச் செய்யேல்லை, உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் செய்யப்போறன். கட்டின மனிசனைக் காட்டிக் குடுத்தவள் எண்டு ஊர் சொல்லட்டும். பிடிச்சு அனுப்பினாலெண்டாலும் நீங்கள் ஒரு இடத்திலை இருந்து இன்னொரு இடத்துக்கு அசைவீங்கள்.

எமில்டா


குடிவரவுத் தடுப்பு நிலையம்
16.11.1997

அன்பு எமில்டா,

விலாசத்தைப் பாத்திருப்பீர். என்னைப் பிடிச்சிட்டினம். அடிக்கேல்லை, பயப்படாதையும். மூண்டு நேரமும் சாப்பாடு, பாயிலை படுக்கை.

கொடி ஏத்தினது சனிக்கிழமை, முதலாம் திகதி. பள்ளிக்கூடப் பிள்ளையள் பாண்ட் வாசிச்சுதுகள். நான் சனத்துக்குப் பின்னாலை நிண்டனான். இஷிகுரா ஐயாவின்ரை பேரைக் கூப்பிட, அவர் ஏறினார். பத்திரத்தை வாங்கி, நேரே இறங்கி வந்து, சனத்துக்கு முன்னாலை எனக்கு இடுப்பு மடங்கக் குனிஞ்சார். நிமிரவே இல்லை. நான்தான் தோளிலை பிடிச்சு நிமித்தினது.

பிறகு கொடி விரிஞ்சுது. எமில்டா, அவை அதை மாத்திப்போட்டினம். மூண்டு கோட்டையும் இழுத்து முட்ட வைச்சு, முழு வட்டமாக்கியிருந்தினம். ஒலிபெருக்கியிலை விளக்கம் வாசிச்சினம்: நகர மக்களின்ரை ஒற்றுமை, முடிவில்லாத முன்னேற்றம். சனம் கைதட்டிச்சுது. எனக்கு அது ஆரோ ஒருத்தற்றை கொடி மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை நகரசபைக்குப் போனன். மேயரைப் பாக்கவேணும் எண்டன். முந்திப் பட்டறைக்கு வந்த அந்த மனிசன்தான் வந்தார். என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

"ஏன் வந்தீர்?" எண்டு மெல்லக் கேட்டார். "வராமல் இருந்திருந்தால் நான் உம்மைக் காணாத மாதிரி இருந்திருப்பன்."

"எனக்குப் பொலிஸ் றிப்போட் வேணும். பெண்சாதி பிள்ளையிட்டைப் போகவேணும். மேயர் ஒரு சொல் சொன்னால் காணும்."

"இந்தக் கட்டடத்துக்குள்ளை வந்து சொன்ன பிறகு, எனக்கு வேறை வழி இல்லை."

அவர் எனக்கு முன்னாலையே போனைத் தூக்கினார். குரல் உடைஞ்சுது. வந்த ரெண்டு பொலிஸ்காரரும் தொப்பியைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளை வந்தவை.

ஆகவே போன் எடுத்தது அவர், நீர் இல்லை. அதை என்ரை கண்ணாலை கண்டனான். உம்மிலை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை எண்டு சொல்லத்தான் இதை எழுதுறன்.

தை மாசம் பன்னிரண்டாம் திகதி கொழும்புக்கு அனுப்புவினமாம். எனக்கு நித்திரை வருகுதில்லை. கண்ணை மூடினால் பஸ்ரியன் வாசல்லை நிக்கிறான்.

கிளிபோட்


அஜின்கோர்ட்
07.12.1997

என்ரை நடாஷாவின்ரை அப்பாவுக்கு,

சந்தேகம் இல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். நானும் போன் எடுத்தனான். கொடி ஏத்திறதுக்கு முதல் நாள் எடுத்தனான். வேலையாலை வந்து, இஞ்சை பின்னேரம், அங்கை காலமை கந்தோர் திறக்கிற நேரம் பாத்து, கோட்டுக்கூடக் கழட்டாமல் எடுத்தனான்.

நகரசபையிலை ஒரு பொம்பிளைப் பிள்ளை போனைத் தூக்கினாள். நான் பாடமாக்கின வசனத்தைத் தொடங்கினன். வாய் குழறிச்சுது. "கொடி... கிளிபோட்..." அதுக்கு மேலை ஒரு சொல்லும் வரேல்லை. அவள் உடனை "குரிபோடோ சான்! குரிபோடோ சான்!" எண்டு கத்தினாள். பக்கத்திலை நிண்டவையையும் கூப்பிட்டாள். அவையெல்லாரும் சேந்து என்னவோ சொல்லிச் சிரிச்சினம். எனக்கு அதிலை ஒரு சொல்தான் விளங்கினது, அந்த ஜப்பான்கார அம்மா முந்திச் சொல்லித் தந்தது. வாழ்த்துக்கள்.

நான் நன்றி எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன்.  உங்கடை பேரை எழுதாமல் விட்ட இடத்திலை, உங்கடை பேர் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. அவையிட்டை நான் உங்களைப் பிடிக்கச் சொல்லப் பாத்தனான்.

இப்ப கேளுங்கோ. நான் கொழும்புக்கு வாறன். நடாஷாவையும் கூட்டிக்கொண்டு வாறன். எல்லாரும் உனக்குப் பைத்தியமோ எண்டு கேக்கினம். அகதியெண்டு சொல்லி வந்தவள் திரும்பிப் போனால் உன்ரை பேப்பரும் போகும் எண்டு நவரட்ணம் அண்ணை மேசையிலை அடிச்சுச் சொல்லுறார். போகட்டும். தனிய இறங்கிறவையைத்தான் ஒருத்தருக்கும் தெரியாமல் கொண்டு போறாங்கள். கனடாப் பேப்பரோடை ஒரு பொம்பிளையும், இங்கிலீசு கதைக்கிற பிள்ளையும், வெள்ளை அங்கி போட்ட சுவாமியும் வாசல்லை நிண்டு கத்தினால் கொஞ்சமெண்டாலும் யோசிப்பாங்கள்.

போகச் சொன்னது நான். அப்ப அந்த வாசல்லை நிக்கவேண்டியதும் நான்தான்.

எமில்டா


வெள்ளவத்தை
10.05.1998

அன்பு எமில்டா,

நீரும் பிள்ளையும் திரும்பிப் போய் மூண்டு மாசமாகுது. கொழும்பிலை என்னைத் தடுத்து வைச்ச அந்த ஒன்பது நாளும் உள்ளை என்ன நடந்தது எண்டு நீர் கேட்டீர்.  உம்மடை முகத்தைப் பாத்துக்கொண்டு சொல்ல ஏலாது. எழுதுறன்.

விமானத்தாலை இறங்கின உடனையே பொலிஸ்காரர் என்னை விலத்திக் கொண்டு போச்சினம். ஜப்பானிலை என்ன செய்தனி எண்டாங்கள். கொடி செய்தனான் எண்டன். அதுதான் நான் விட்ட பிழை. "என்ன கொடி? ஆற்றை கொடி?" எண்டு அதிலேயே பிடிச்சிட்டாங்கள். தாளும் பென்சிலும் தந்து வரையச் சொன்னாங்கள். யோக்கோஹாமா வரைஞ்சன், நகோயா வரைஞ்சன், மியாசே வரைஞ்சன். நகரசபைக் கொடியள் ஐயா எண்டன். இதிலை ஆயுதம் எது, இயக்கம் எது எண்டு தேடினாங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் கருத்துக் கேட்டாங்கள். வட்டம் எண்டால் ஒற்றுமை எண்டு சொல்ல, ஆரோடை ஒற்றுமை எண்டு அடிச்சாங்கள். தம்பியைப் பற்றி நான் ஒருக்கால் கேட்டனான்.  அதுக்கும் அடிதான்.

அஞ்சாம் நாளோ ஆறாம் நாளோ, வெளியிலை ஒரு பிள்ளை இங்கிலீசிலை கத்திற சத்தம் கேட்டுது. என்ரை அப்பாவை விடுங்கோ எண்டு. அந்தக் குரல் எனக்குத் தெரியாது. ஒண்டரை வயசிலை கேட்ட குரல் எப்பிடித் தெரியும்? ஆரோ ஒரு பிள்ளை, பாவம், தேப்பனைத் தேடுது எண்டு நினைச்சன். அது என்ரை பிள்ளை எண்டு விளங்கினது, விட்ட பிறகு வாசல்லை உங்களைக் கண்டாப்போலைதான்.

அதுக்குப் பிறகு அவள் எனக்குக் கிட்ட வரேல்லை. நீர் தள்ளித் தள்ளி விட்டீர், அவள் சுவாமியின்ரை அங்கிக்குப் பின்னாலை ஒளிச்சாள். வீங்கின முகத்தோடை நிண்ட ஆளைக் கண்டு பயந்திட்டாள். நீர் அவளுக்கு ஏசினீர். அதுக்காக நான் உம்மோடை கோவிச்சன். நாங்கள் அஞ்சாறு வருசத்துக்குப் பிறகு நேரிலை கதைச்ச முதல் கதையும் சண்டையாத்தான் போச்சு.

இப்ப நல்ல சேதி சொல்லுறன். நான் பிடிபட்டதைக் காட்டி நவரட்ணம் அண்ணை ஃபைலை மூட விடாமல் கொழும்புக்கு மாத்தினவரெல்லே. ஜப்பான் பொலிஸ் றிப்போட் வந்து சேந்திட்டுது. என்னைப் பிடிச்ச ஆக்களே எழுதியிருக்கினம், விசா பிந்தினதைத் தவிர இவரிலை வேறை ஒரு குற்றமும் இல்லை எண்டு. உம்மடை பேப்பருக்கும் ஒரு பிரச்சினையும் வரேல்லை எண்டு நவரட்ணம் அண்ணை எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை கனடா ஹைக்கொமிசனிலை விசா குத்தித் தந்திட்டினம். வைகாசி இருபத்தெட்டு, வியாழக்கிழமை பின்னேரம் ரொறன்ரோவிலை இறங்குறன்.

எமில்டா, எனக்குச் சந்தோசத்தைவிடப் பயம்தான் கூடக் கிடக்குது. இரவிலை கதவு தட்டுப்பட்டால் இன்னும் கட்டிலுக்குக் கீழை போறன். தம்பி இல்லாமல் நான் மட்டும் போறன் எண்டு அம்மாவுக்குச் சொல்ல, அவ எனக்குச் சட்டை அயன் பண்ணித் தந்தா. இப்ப வாறது நீர் பிரியேக்கை கண்ட ஆள் இல்லை. முன்னம் இருந்த கிளிபோட் எண்டு நினைச்சுக்கொண்டு வராதையும்.

இன்னொண்டு. எயாப்போட்டுக்கு வர நடாஷா விரும்பாட்டி இழுத்துக்கொண்டு வரவேண்டாம். அவளுக்கு ஏசவும் வேண்டாம். கிளடிஸ் அன்ரியோடை வீட்டிலை இருக்கட்டும். நான் வந்து கதவுக்கு வெளியிலை நிப்பன். அவளாத் திறக்கட்டும். எவ்வளவு நேரமெண்டாலும் நிப்பன்.

கிளிபோட்